பன்னிரண்டாம் அத்தியாயத்தில் செத்தவள்

“பன்னிரண்டாம் அத்தியாயத்தில் செத்துப்போன மாமியார் முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில் வந்து காப்பி கேட்கிறாள். மனுஷி எழுதியிருந்தால் இப்படி நடக்குமா சிஸ்?” நடக்கும் குணவதி, மனுஷி எழுதினால்தான் நடக்கும், என்று பதில் போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால் இந்நேரம் விஷயம் முடிந்திருக்கும். நான் என்ன போட்டேன்? “ஆமாம் சிஸ், மெஷின்தான் எழுதுச்சு, நான் பக்கத்துல உக்காந்து அதுக்கு விசிறிவிட்டேன்.” நக்கல் என்பது எதிரில் இருப்பவளுக்கு நம் மூஞ்சி தெரிகிற வரைக்கும்தான் நக்கல், எழுத்தில் போட்டால் வாக்குமூலம். காலை ஒன்பது மணிக்குள் நாற்பத்திரண்டு பேர் வாயைப் பிளந்த மஞ்சள் பொம்மையைப் போட்டுவிட்டார்கள். “அவங்களே ஒத்துக்கிட்டாங்க பாருங்க” என்று ஒருத்தி, “மதுவந்தி சிஸ், நீங்களுமா” என்று இன்னொருத்தி. மதுவந்தி நான்தான். செராபின் என்ற சொந்தப் பெயரில் குடும்ப நாவல் எழுதினால், ஊசி போட வருகிற நர்ஸ் என்று நினைத்து வாசகர்கள் கையை மடக்கிக்கொள்வார்கள் என்பதால் மதுவந்தி. ஒன்பதே காலுக்குத் தளத்தை நடத்துகிற நளாயினி அக்கா சென்னையிலிருந்து கூப்பிட்டாள். “உனக்கு வாய் அடங்காதா செரா? பன்னண்டாவது, முப்பத்தொன்னாவது ரெண்டுக்கும் கையால எழுதின பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பு. மத்தியானம் ஒரு மணிக்கு, சொந்தமா எழுதறவங்க யாருன்னு லிஸ்ட் போடறேன். வரலைன்னா உன் கதையை எடுத்துருவேன், எனக்கு வேற வழியில்ல.” இப்போது மணி பதினொன்று ஐம்பது. நான் கண் ஆஸ்பத்திரி ஹாலில், கழுவிவிட்ட ஈரம் காயாத தரையில் செருப்பை ஒட்டியும் ஒட்டாமலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மடியில் மாமியாரின் ஃபைல். பக்கத்து நாற்காலியில் மாமியார், எண்பத்தோரு வயது சவேரியம்மாள், முதல் சுற்றுச் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி. வீட்டில் ஒரு நாளும் இப்படி இருந்ததில்லை. டோக்கன் அறுபத்து மூன்று. போர்டில் இருபத்தொன்பது எரிகிறது.

அடுத்த சுற்று மருந்து பதினைந்து நிமிஷம் கழித்து, அதற்கடுத்தது இன்னும் பதினைந்து, கண்மணி விரிந்து கறுப்பாக முழுக்கத் திறந்தால்தான் உள்ளே பார்க்க முடியுமாம். அதுவரைக்கும் வெளிச்சம் கூசும், கண்ணைத் திறக்காதீங்க பாட்டி என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு மணிக்குள் நான் போக வேண்டிய தூரம் இந்த ஃபைலுக்குள்தான் இருக்கிறது. கையால் எழுதின பக்கம் கேட்கிறாள் நளாயினி அக்கா. இருக்கிறது. வீட்டில் இல்லை, மேஜையில் இல்லை, இதோ இந்த நீல பிளாஸ்டிக் ஃபைலில், சர்க்கரை ரிப்போர்ட்டுக்கும் எக்கோ ரிப்போர்ட்டுக்கும் பின்பக்கத்தில். பதினோரு வருஷமாக இவரை நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைகிறேன். மகன் தைரியநாதனுக்கு ஷிப்ட், மகள் பிலோமிக்குத் திண்டுக்கல். ஆஸ்பத்திரி என்றால் வைத்தியம் என்று யார் சொன்னது, ஆஸ்பத்திரி என்றால் காத்திருப்பது. மூன்று மணி நேரம் காத்திருந்து மூன்று நிமிஷம் டாக்டர். அந்த மூன்று மணி நேரத்தில் ஒருநாள் கையில் பேனா இருந்தது, தாள் இல்லை, ரிப்போர்ட்டைத் திருப்பினேன், பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அவ்வளவுதான் என் இலக்கியப் பிறப்பு. வீட்டில் உட்கார்ந்து எழுதினால் எனக்கு வரவே வராது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்த ஒரு மனுஷியைக் கண்டால் எல்லோருக்கும் தாகம் எடுத்துவிடுகிறது. கான்வென்டிலும் நான் ரஃப் நோட்டுக்குப் பின்பக்கத்தில்தான் தமிழில் எழுதினேன், முன்பக்கம் இங்கிலீஷ், முன்பக்கம் சிஸ்டருக்கு. டோன்ட் பி டிராமாட்டிக், செராபின். சரி சிஸ்டர். இப்போதும் பின்பக்கம்தான்.

“யாரு போன்ல?” என்கிறார் அத்தை, கண்ணை மூடியபடி. “யாருமில்ல.” “யாருமில்லாததுக்கா இப்படிப் பெருமூச்சு விடுற.” கண்ணை மூடினால் காது திறந்துகொள்ளும் போலிருக்கிறது. “கதை விஷயம் அத்தை.” “ஓ.” அந்த ஓவுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது, இருபத்தாறு வருஷமாக நான் தேடிப் பார்த்துவிட்டேன். கதை எழுதுகிறேன் என்பது தெரியும், போனில் வருகிறது என்பது தெரியும், ஒருநாள்கூட என்ன கதை என்று கேட்டதில்லை. கேட்காதது மரியாதையா அலட்சியமா என்பதையும் விட்டுவிட்டேன். தைரியநாதன் கேட்பார், “உன் ரசிகைங்க எப்படி இருக்காங்க” என்று, தட்டில் கையை வைத்துக்கொண்டு. ரசிகைகள் இருநூற்றுப் பதினாலு பேர். ஆறு வருஷத்தில் ஒவ்வொருத்தராகப் பிடித்தது. முதல் கதையை ‘வாசமல்லி’ தளத்தில் போட்டபோது பதினெட்டு வாரம் ஈ, காக்காய் வரவில்லை. நானே என் கதையைத் திறந்து திறந்து பார்த்து, பார்த்தவர் எண்ணிக்கை முப்பதாகி, முப்பதும் நான்தான் என்று தெரிந்து மூடினேன். நடுவில் அம்பது பிரதி அச்சடித்து, வாடகை நூல்நிலையத்துக்கு எடுத்துப் போனால், “பேர் தெரியாதவங்க புக்கு வேணாம் மேடம், இடம் அடைக்கும்” என்றான். தையல்கடை லில்லியிடம் ஒன்று, பல் டாக்டர் வெயிட்டிங் ரூமில் ஒன்று, பியூட்டி பார்லரில் ஒன்று, அட்டைக்குள்ளே “படித்துவிட்டு இங்கேயே வைக்கவும்” என்று எழுதி வைத்தேன். பல் வலியோடு படிக்கிறவள் என் கதையைப் படித்தால் நல்ல வாசகி, வலியை மறந்தாள் என்றால் நான் நல்ல எழுத்தாளர், இப்படி ஒரு கணக்கு. பியூட்டி பார்லர் பிரதி முகத்துக்குப் போடுகிற மாவு பட்டு, பக்கம் ஒட்டிப்போய்த் திரும்பி வந்தது. பத்தொன்பதாம் வாரம் தளத்தில், முகத்துக்குப் பதிலாக ஒரு செம்பருத்திப் படம். குணவதி, பொள்ளாச்சி. “மூன்றாம் அத்தியாயத்தில் மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டி ஐந்தாம் அத்தியாயத்தில் கிணற்றடிக்கு வந்துவிட்டது சிஸ், மற்றபடி நன்றாக இருக்கிறது.” அன்றைக்கு நான் சோற்றை அடிபிடிக்க விட்டேன். பிடிக்கட்டும் என்று விட்டேன்.

ஆக, இன்றைக்கு என் கழுத்தைப் பிடித்திருக்கிறவள் அந்தக் குணவதிதான். இதில்தான் எனக்கு யோசனை போய்ப் போய் முட்டுகிறது. வேறு யாராவது சொல்லியிருந்தால் போடி என்றிருப்பேன். முப்பத்தொன்றாம் அத்தியாயம் போட்ட அன்றைக்கு நூற்றுத் தொண்ணூறு பேர் வந்தார்கள், “சூப்பர் சிஸ்”, “அருமை சிஸ்”, “அடுத்த எபிசோட் எப்போ சிஸ்”. செத்தவள் எழுந்து வந்து கூடத்தில் உட்கார்ந்து காப்பி கேட்கிறாள், நூற்றுத் தொண்ணூறு பேரும் அவள் கூடவே குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒருத்திதான் நிமிர்ந்து பார்த்து, “இவள்தான் செத்துவிட்டாளே” என்று கேட்டாள். படிக்கிறவள் ஒருத்திதான் என்று இத்தனை வருஷம் கழித்துத் தெரிகிறது, அவளே என்னை மெஷின் என்கிறாள். போன சித்திரையிலிருந்து தளம் நாறிக் கிடக்கிறது, அது உண்மை. தாரகைப்பிரியா என்று ஒருத்தி வந்தாள், அல்லது வந்தது. வாரத்துக்கு மூன்று நாவல். இவள் சோறு எப்போது வடிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அட்டையில் ஒரு பெண், வளையல் மணிக்கட்டுக்குள்ளேயே உருகி ஒட்டியிருக்கும், அதை யாரும் பார்க்கிறதில்லை, கண்ணைத்தான் பார்க்கிறார்கள். உள்ளே படித்தேன். மோசமில்லை. அதுதான் எரிச்சல். மழுமழுவென்று வழுக்கிக்கொண்டு போகிறது, கதாநாயகி நிலாவைப் பார்க்கிறாள், நெஞ்சு விம்முகிறது, யாருக்கும் வயிற்றுப்போக்கு வருவதில்லை, யாரும் கேஸ் தீர்ந்துபோய் நிற்பதில்லை. அப்புறம் தாரகைப்பிரியா போல பத்து பேர், இருபது பேர். நான் வாரத்துக்கு ஒரு அத்தியாயம் கொண்டுபோய் வைத்தால் ராத்திரிக்குள் அது எண்பது கதைக்குக் கீழே போய்விடும், தோண்டித்தான் எடுக்க வேண்டும். குணவதி தோண்டி எடுப்பாள்.

இரண்டாவது சுற்று. “பாட்டி, தலையை மேல.” அத்தை மேலே தூக்குகிறார். வாயையும் திறக்கிறார், எதற்கென்று தெரியாது, கண்ணில் மருந்து விட்டாலும் வாய் திறக்கிறது, பலி பூசையில் நற்கருணை வாங்கி வாங்கிப் பழகிய வாய். அந்தப் பெண் சிரிக்கவில்லை, நான் சிரித்தேன். “என்னத்துக்குச் சிரிக்கிற.” “ஒண்ணுமில்ல அத்தை.” போர்டில் முப்பத்தெட்டு. பஞ்சை இரண்டு கண்ணிலும் ஒற்றிக் கொடுத்துவிட்டு ஃபைலைத் திறந்தேன். எக்கோ ரிப்போர்ட் நாலாவது உறையில். முன்பக்கம் இவர் பெயர், வயது, தேதி, இருதயம் எவ்வளவு சுருங்குகிறது எவ்வளவு விரிகிறது. பின்பக்கம் என் எழுத்து, கான்வென்ட் சாய்வு, நீல மை, அடித்தல், திருத்தல், ஒரு மூலையில் மஞ்சள் கறை. அது ஆஸ்பத்திரி கேன்டீன் சாம்பார். இதைவிட நல்ல சாட்சி எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது. நளாயினி அக்கா முதலில் கையெழுத்துப் பக்கம் மட்டும்தான் கேட்டாள், அப்புறம் ஒரு மகராசி மெஷின் கொடுத்ததை உட்கார்ந்து நோட்டில் பார்த்து எழுதி, அதைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். அந்தப் பொறுமைக்கு அவள் சொந்தமாகவே எழுதியிருக்கலாம். அதிலிருந்து அடித்தல் திருத்தல் வேண்டும், தேதி தெரிய வேண்டும், முழுப் பக்கமும் தெரிய வேண்டும், எதையும் மறைக்கக் கூடாது. முழுப் பக்கமும். அங்கேதான் சிக்கல். எழுதும்போது எனக்குக் கற்பனைப் பெயர் ஓடாது. காமாட்சி என்று எழுதினால் கை நின்றுவிடும், யார் இந்தக் காமாட்சி என்று கேட்கும். சவேரியம்மாள் என்று எழுதினால் ஓடும். ஆகவே ஃபைலில் எல்லோரும் சொந்தப் பெயரிலேயே இருக்கிறார்கள், தைரியநாதன், பிலோமி, பக்கத்து வீட்டு ஸ்டெல்லா, நான். தட்டச்சு செய்கிறபோது சவேரியம்மாள் வருகிற இடத்திலெல்லாம் காமாட்சி என்று மாற்றிவிடுவேன், யோசிக்காமல், வரிசையாக. என் வேலையில் மெஷின் மாதிரி நான் செய்தது அந்த ஒன்றுதான், அதில்தான் மாட்டினேன். போன மாதம் இதே ஹாலில் முப்பத்தொன்றாம் அத்தியாயம் எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருந்த இந்த மனுஷி, “ஒரு காப்பி வாங்கியா, சூடா” என்றார். கேட்டது கையில் இறங்கி, வரியில் உட்கார்ந்துவிட்டது. சவேரியம்மாள் காப்பி கேட்டாள். வீட்டுக்குப் போய் மாற்றினேன். காமாட்சி காப்பி கேட்டாள். காமாட்சி செத்துப் பத்தொன்பது அத்தியாயம் ஆகியிருந்தது.

முப்பத்தொன்றை அனுப்பிவிடலாம், அதில் காப்பியைத் தவிர ஒன்றுமில்லை. பன்னிரண்டுதான். எக்கோ எடுத்த அன்றைக்கு மத்தியானம் எழுதியது, இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசியில், ஐசியு வாசலில்; கதையில் சேர்த்துத் தளத்தில் போட்டது இந்த வருஷம்தான். டாக்டர் வெளியே வந்து, “வயசாயிருச்சு, எதுக்கும் சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க” என்றார். தைரியநாதன் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். சர்ச் சாமியாருக்குச் சொல்லிவிட்டார்கள், பிலோமி பஸ் ஏறிவிட்டாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். பெஞ்சில் உட்கார்ந்தால் கை ஃபைலைத் திறக்கும், அது பழக்கம். ரிப்போர்ட்டைத் திருப்பி எழுத ஆரம்பித்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவர் மூக்கில் குழாயோடு கிடக்க, இந்தப் பக்கம் நான் இவரைச் சாகடித்தேன். முழுதாக. எந்தச் சேலை, யார் முதலில் வந்தார்கள், ஐஸ் பெட்டி எங்கே வைத்தார்கள், பிலோமி வாசலிலிருந்து ஓங்கி அழுதுகொண்டு வந்து, அழுகையை நிறுத்தி, “அம்மா கழுத்துச் செயின் எங்க அண்ணி” என்று கேட்டது. ஒன்றும் நடக்கவில்லை, எல்லாம் நான் முன்கூட்டியே எழுதிக்கொண்டது. பேனா நிற்கவே இல்லை. அதுபோல ஒருநாளும் எனக்கு ஓடினதில்லை. நடுவில் நர்ஸ் வந்து ஒரு மருந்துச் சீட்டு கொடுத்தாள், போய் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து விட்ட வரியிலிருந்து எழுதினேன். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். இவர் என்னைப் பார்த்து முதலில் கேட்டது, “வீட்டுக் கதவைப் பூட்டினியா.”

இதுதான் எனக்கு உறுத்துகிறது, வெளியே சொல்ல முடியாது. மெஷினா நீ என்று குணவதி கேட்டதும் ஏன் அவ்வளவு கோபம் வந்தது? இல்லாததைச் சொன்னால் மனுஷிக்குக் கோபம் வரலாம், வாயில் அத்தனை விஷம் வராது. அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தது யார்? புருஷன் அழுகிறார், மாமியார் சாகக் கிடக்கிறார், இவள் சாம்பார் கறையைப் புறங்கையால் துடைத்துவிட்டு, “ஐஸ் பெட்டியின் மோட்டார் சத்தம் ஜெபத்தை விடப் பெரிதாக இருந்தது” என்று எழுதுகிறாள். நல்ல வரிதான். அறுபத்தொரு பேர் இதயம் போட்டார்கள். கூடவே அழுகிற பொம்மைகள், “என் மாமியார் போனது ஞாபகம் வந்துருச்சு சிஸ், கண்ணீரை அடக்க முடியல”. அவர்களுக்கெல்லாம் வந்தது, எழுதினவளுக்கு வரவில்லை. தாரகைப்பிரியாவுக்கும் வராது. அவளுக்கும் எனக்கும் வித்தியாசம் என்ன, அவளுக்கு சாம்பார் கொட்டாது, அதுவா? இல்லை, இப்படி யோசிப்பதே கொஞ்சம் டிராமாட்டிக். அன்றைக்கு அழுதிருந்தால் மருந்துச் சீட்டுக்கு யார் போயிருப்பார்கள்? எழுதினதால் நான் நகராமல் இருந்தேன், நகராமல் இருந்ததால் கூப்பிட்டதும் போனேன். இப்படிச் சொல்லிக்கொண்டால் சரியாகத்தான் இருக்கிறது. அப்புறம் அந்தப் பக்கத்தின் கடைசி வரி வந்து நிற்கிறது, அதற்கு எந்தச் சமாதானமும் ஒட்டாது.

மணி பன்னிரண்டு இருபது. நளாயினி அக்காவைக் கூப்பிட்டேன். “அக்கா, கட்டை விரலை வெச்சு ஒரு பேரை மட்டும் மறைச்சு எடுத்து அனுப்பறேன்.” “முடியாதும்மா. விரலுக்கு ஓகே சொன்னா நாளைக்கு உள்ளங்கையை வெச்சு அனுப்புவாளுங்க.” “வீட்டு ஆளுங்க பேரு இருக்குக்கா.” “இருந்தா என்ன, யார் பாக்கப் போறா?” “அதை வாசகிங்க குரூப்ல போடுவீங்கல்ல?” “போட்டாத்தானே நம்புவாங்க. நீதான் விசிறிவிட்டேன்னு எழுதி வெச்சிருக்கியே, மகாராணி.” “என் நாத்தனார் பிலோமி அந்த குரூப்ல இருக்கா.” “எந்தப் பேர்ல?” “ரோஜாவனம்.” “ஐயோ, அந்தப் பொண்ணா. ரொம்பப் பாசமா கமெண்ட் போடுமே உனக்கு.” போடுவாள். பன்னிரண்டாம் அத்தியாயத்துக்கு, “அந்த நாத்தனார் கேரக்டரை ஓங்கி அறையணும் போல இருக்கு அண்ணி” என்று போட்டிருந்தாள். “செரா, நான் உன்னை நம்பறேன். நான் நம்பறது பத்தாது. இருக்கறதே அம்பது அறுபது எழுத்தாளர், இதுல யாரு நிஜம்னு சொல்ல முடியலைன்னா நான் கடையை மூட வேண்டியதுதான். ஒரு மணி.” வைத்துவிட்டாள். அவள் பேசினதில் பிசகே இல்லை. போனைக் கீழே வைக்கும்முன் குணவதியிடமிருந்து தனியாக ஒரு செய்தி. பொதுவில் இல்லை, தனியாக, இத்தனை வருஷத்தில் முதல் தடவை. “சிஸ், காலையில் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, மன்னிக்கவும். தையிலிருந்து நான் அஞ்சு பேர் கதையை விட்டுட்டேன். ஒவ்வொரு தடவையும் அழுதுட்டு அப்புறம் தெரியும், எழுதினது ஆளே இல்லைன்னு. வெட்கமா இருக்கு. நீங்க எழுதினதுதான்னு ஒரு பக்கம் பார்த்தா போதும். இல்லைன்னா நான் படிக்கறதையே விட்டுடலாம்னு இருக்கேன்.” இரண்டு தடவை படித்தேன். மிரட்டல் இல்லை. வெட்கமா இருக்கு என்கிறாள். ஆளில்லாத வீட்டு வாசலில் நின்று துக்கம் கேட்டுவிட்டு வந்தவளுக்கு வருகிற வெட்கம்.

மூன்றாவது சுற்று. போர்டில் நாற்பத்தாறு. “முடிஞ்சுது பாட்டி, இனிமே கூப்பிடற வரைக்கும் மூடிக்கிட்டே இருங்க.” அத்தை தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். ஹாலில் எல்லாக் கிழவர்களும் கிழவிகளும் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக, கோயிலில் கடைசி ஆசீர்வாதத்துக்குக் காத்திருக்கிற மாதிரி, கூட வந்தவர்கள் மட்டும் கண்ணைத் திறந்து போனைப் பார்த்துக்கொண்டு. என்ன வழி இருக்கிறது? பெயரை மாற்றி இப்போதே ஒரு தாளில் புதிதாக எழுதி, இரண்டு இடத்தில் வேண்டுமென்றே அடித்து, போட்டோ எடுக்கலாம். என் கதையை நானே திருட்டுத்தனமாகக் காப்பியடித்து நான் நிஜம் என்று நிரூபிப்பது. அந்த மகராசி செய்ததும் அதுதான். குணவதிக்கு மட்டும் தனியாக அனுப்பலாம், பொதுவில் வேண்டாம் என்று கெஞ்சலாம். அவள் ஒத்துக்கொள்வாள், ஆனால் ஒரு மணிக்குக் கதை போய்விட்டால் மீதி இரண்டு அத்தியாயத்தை எங்கே வைத்து அவளுக்குக் காட்டுவது, தையல்கடை லில்லியிடமா? பிலோமி பார்த்தால் பார்க்கட்டும் என்று விடலாம். செயின் வரியில் அவள் பெயர் இருக்கிறது, சண்டை வரும், இரண்டு கிறிஸ்மஸ் பேச மாட்டாள், அதை நான் தாங்குவேன், சொல்லப் போனால் ஓய்வு. அதற்காக இல்லை. தைரியநாதன் படிப்பாரா, அவர் என் எழுத்தில் ஒரு வரி படித்ததில்லை, இதைத் தேடிக் கொண்டுவந்து காட்ட ஸ்டெல்லா போதும். அதற்காகவும் இல்லை. இந்தத் தாள் யாருடையது என்று யோசித்தால் பதில் முன்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது. பெயர் சவேரியம்மாள். இருதயம் இவருடையது, சாவும் இவருடையது. நான் பின்பக்கத்தில் குடியிருந்தவள். இருநூறு பேர் இவர் செத்ததைப் படித்து அழுதாகிவிட்டது, இவருக்கு மட்டும்தான் தெரியாது.

“அத்தை.” “ம்.” “ஒண்ணு படிக்கறேன், கேக்கறீங்களா?” “செபமா?” “கதை.” “என்ன திடீர்னு.” “உங்களைப் பத்திதான்.” கண் திறக்கவில்லை, புருவம் மட்டும் கொஞ்சம் மேலே போனது. “சத்தமாப் படிக்காத, பக்கத்துல ஆள் இருக்கு” என்றார். தாளைத் திருப்பினேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கிற குரல், தட்டையாக, இடத்துக்கு இடம் நிறுத்தி. சவேரியம்மாள் வியாழக்கிழமை விடியற்காலை போய்ச் சேர்ந்தாள் என்று ஆரம்பிக்கிறது. படித்தேன். “வியாழனா” என்றார். “ஆமா.” “சரி, படி.” ஐஸ் பெட்டி, மோட்டார் சத்தம், சாமியார் தாமதமாக வந்தது. அரக்கு பார்டர் போட்ட மாம்பழக் கலர் சேலையைக் கட்டினார்கள் என்ற இடத்தில் விரலைத் தூக்கினார். “அதை பிலோமி எடுத்துக்கிட்டுப் போயிட்டாளே.” “அப்போ இருந்துச்சு அத்தை.” “ம்.” பிலோமி வந்தாள், செயின் கேட்டாள். நான் குரலைத் தாழ்த்தவில்லை, தாழ்த்தினால் நிறுத்திவிடுவேன் என்று தெரியும். அத்தையின் கை கழுத்துக்குப் போய்ச் செயினைத் தொட்டு, அங்கேயே இருந்தது. வாய் ஓரம் அசைந்தது, சிரிப்பு என்று சத்தியம் செய்ய மாட்டேன். “கேப்பா” என்றார். “கேக்கக் கூடியவதான்.” எதிர் வரிசையில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டே என் பக்கம் காதைத் திருப்பியிருந்தார். இன்னும் ஒரே ஒரு வரி. விட்டுவிட்டு, இவ்வளவுதான் அத்தை என்று தாளை மடித்தால் இவருக்கு எப்படித் தெரியும்? கண்மணி முழுக்க விரிந்து கிடக்கிறது, தாளை மூக்குக்கு நேரே பிடித்தாலும் எழுத்து தெரியாது. இந்த வரியை அனுப்பிவிட்டு, இவருக்கு மட்டும் படிக்காமல் விட்டால் நான் யார்? படித்தேன். “சவேரியம்மாள் போய்விட்டாள். இனிமேல் காலை ஆறு மணி என்னுடையது.”

போர்டில் ஐம்பத்தொன்று. யாரோ இருமினார்கள். அத்தையின் கை கழுத்திலிருந்து இறங்கி மடிக்கு வந்து, முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டது. முகத்தில் ஒன்றும் இல்லை. மூக்கோரமாக மருந்து ஒரு கோடு இறங்கியது. பஞ்சை எடுத்து ஒற்றினேன், மருந்துதான், மஞ்சளாக ஒட்டியது. இருபத்தாறு வருஷமாக ஐந்தே முக்காலுக்கு எழுந்து இவருக்கு வெந்நீர் வைக்கிறேன். ஒரு நாளும் இவர் வைக்கச் சொன்னதில்லை, ஒரு நாளும் வேண்டாம் என்றும் சொன்னதில்லை. இப்போதும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார், மூச்சு சீராக வருகிறது, தூங்குகிற மூச்சு எனக்குத் தெரியும், இது அது இல்லை. மணி பன்னிரண்டு ஐம்பத்து நாலு. தாளை மடியில் விரித்து, சுருக்கத்தை நீவி, முழுப் பக்கமும் தெரிகிற மாதிரி போனைப் பிடித்து ஒன்று எடுத்தேன், திருப்பி, பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி முன்பக்கம் ஒன்று. முப்பத்தொன்றையும் அதேபோல எடுத்துச் சேர்த்தேன், எல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது. அனுப்பு என்ற இடத்துக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு இவர் பக்கம் திரும்பினேன்.

“அத்தை, இதை அவங்களுக்கு அனுப்பணும். உங்க பேரோட. இல்லைன்னா நான் எழுதினது இல்லைன்னு ஆயிரும்.”

ஐம்பத்திரண்டு எரிந்தது.

“நீங்க தூங்கலைன்னு தெரியும் அத்தை. அனுப்பட்டுமா, வேண்டாமா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.”